எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் சிமிட்டுகிறதா?

நீடாமங்கலம் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அம்மா எங்களோடு கும்பகோணம் வந்துவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை போய்க் கூட்டிப் பெருக்கி, சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு வருவோம். அந்த வீட்டுக்குக் கரண்ட் பில் என்று பணம் கட்டியதே இல்லை. 2016 மே மாதத்தில் வந்த 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று நிம்மதியாக இருந்தோம். போன தை மாதம் இ.பி. கணக்கைச் செல்போனில் புரட்டிப் பார்த்தபோதுதான் யூனிட் எண்ணிக்கை கண்ணில் பட்டது. ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் 80 யூனிட்டை ஒட்டி ஓடியிருக்கிறது. ஃபேன் சுற்றாத, மோட்டார் போடாத, சோறு பொங்காத வீட்டில் 80 யூனிட்.

நானும் மச்சானும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தேடினோம். அன்று தெரிந்துகொண்டதையும், பிறகு சொந்தக்காரர் வீடுகள் சிலவற்றில் பார்த்ததையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் மீட்டரைக் கேளுங்கள்

ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பொருள் இரவும் பகலும் நிற்காமல் 1 வாட் இழுத்தால் 60 நாளில் 1.44 யூனிட் ஆகும். 10 வாட் என்றால் 14.4 யூனிட். எந்தப் பொருளாக இருந்தாலும் வாட்டை 1.44 ஆல் பெருக்கினால் ஒரு பில்லுக்கு அது எத்தனை யூனிட் என்று வந்துவிடும்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது எலக்ட்ரானிக் மீட்டர். அதன் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே 1600 அல்லது 3200 அல்லது 6400 என்று ஒரு எண்ணும், கூடவே ‘இம்ப்’ என்ற ஆங்கிலச் சுருக்கமும் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓட அந்த விளக்கு எத்தனை முறை சிமிட்ட வேண்டும் என்பதே அந்த எண்.

வீட்டில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். டி.வி.யை வழக்கம்போல ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். சார்ஜர், வைஃபை, இன்வெர்ட்டர், கேபிள் பாக்ஸ், சாமி மாடத்து பல்பு எல்லாம் எப்போதும் கிடக்கிற நிலையிலேயே கிடக்கட்டும். பிறகு செல்போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையில் எத்தனை நொடி என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1125 ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 45 நொடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 25 வாட். 1600 மீட்டருக்கு 2250 ஐ வகுக்க வேண்டும். வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை முதலில் மீட்டர் எண்ணாலும், பிறகு நொடியாலும் வகுத்தால் சரி. ஒரு சிமிட்டலோடு நிறுத்திவிடாமல் நான்கைந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

எங்கள் வீட்டு மீட்டர் 3200. இருபது நொடிக்கு ஒருமுறை சிமிட்டியது. 1125 வகுத்தல் 20, கிட்டத்தட்ட 56 வாட். 56 ஐ 1.44 ஆல் பெருக்கினால் 80.6 யூனிட். கணக்கில் பார்த்த எண் அப்படியே எதிரில் வந்து நின்றது.

அதன்பின் மச்சான் மீட்டர் பக்கத்தில் நின்றார். நான் உள்ளே போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கியதும் அவர் அடுத்த இடைவெளியை எண்ணிச் சத்தமாகச் சொல்வார். இதற்கு இரண்டு பேர் வேண்டும். தனியாக ஓடி ஓடிப் பார்த்தால் பாதியில் சலித்துவிடும். மிகச் சிறிய இழுப்பை மீட்டர் பதிவு செய்யாமலும் போகலாம். ஆகவே கடைசியில் ஐந்து நிமிடம் காத்தும் சிமிட்டவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே தேடிப் பயன் இல்லை.

அறிகுறி: எதுவும் மாட்டாமலே அடாப்டர் சுடுகிறது

அடாப்டர் சும்மா சுவரில் மாட்டிக் கிடந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, புறங்கையை அதன் மேல் வையுங்கள். அப்படியே பக்கத்துச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். கத்திரி வெயிலில் எல்லாமே சுடும் என்பதால் சுவரோடு ஒப்பிடுவது முக்கியம். உள்ளே போகிற மின்சாரம் வேறு வேலை எதுவும் செய்யாதபோது அது சூடாகத்தான் வெளியே வர வேண்டும். தொட்டால் சூடு தெரியவே இல்லை என்றால் அது இழுப்பது மிகக் கொஞ்சம்.

இதில் இரண்டு சாதி உண்டு. கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கிற பழைய அடாப்டருக்குள் இரும்புத் தகடும் செம்புச் சுருளும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்ட நிமிடத்திலிருந்து, மறுமுனையில் ஏதாவது இருக்கிறதோ இல்லையோ, அந்த இரும்பை நொடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில் காந்தமாக்கி மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த உழைப்பு முழுவதும் சூடாகப் போகிறது. பழைய டேப் ரிக்கார்டர், கார்ட்லெஸ் போன், கீபோர்டு ஆகியவற்றின் அடாப்டர்கள் இப்படிப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாட், சில சமயம் அதற்கு மேலும் இழுக்கும்.

எடை குறைந்த புது அடாப்டருக்குள் இருப்பது, கரண்டை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் எஸ்.எம்.பி.எஸ். சர்க்யூட். மறுமுனையில் வேலை இல்லை என்று தெரிந்தால் அது ஏறக்குறைய தூங்கிவிடும், அவ்வப்போது மட்டும் விழித்துப் பார்க்கும். ஐரோப்பாவில் 2020 ஏப்ரல் முதல், 49 வாட் வரையிலான சாதாரண அடாப்டர்கள் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் அதே வரம்பு 2016 இலேயே வந்துவிட்டது. உலகம் முழுக்க விற்கிற நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி சார்ஜரைத்தான் செய்கின்றன. அடாப்டரின் பொடி எழுத்துகளுக்கு நடுவில் ரோமன் எண் ஆறு இருந்தால் இந்த அளவுக்குள் வருகிறது என்று அர்த்தம்.

இந்திய முத்திரை வேறு. ஐ.எஸ். 13252 என்றும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தால், அது பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்றுதான் பொருள். கரண்ட் சிக்கனத்தை அது சொல்லவில்லை. இருந்தாலும் சார்ஜர் வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆகவே போன் சார்ஜரைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நல்ல சார்ஜர் ஒன்று போன் இல்லாமல் வருடம் முழுக்கச் சுவரில் கிடந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. சார்ஜருக்காகப் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் டி.வி.க்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த பொருட்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் சாமானுக்காக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்திருப்பார்கள். சாமான் வருடத்தில் நான்கு நாள் ஓடும், பெட்டி 365 நாளும் சுவிட்சில் கிடக்கும். தொட்டாலே வெதுவெதுப்புத் தெரியும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: ரிமோட்டில் அணைத்தும் பாக்ஸ் சூடு குறையவில்லை

கேபிள் பாக்ஸாக இருந்தாலும் டிடிஎச் பாக்ஸாக இருந்தாலும் இதே கதைதான். ரிமோட்டில் அணைத்தால் பச்சை விளக்கு சிவப்பாகும். உள்ளே இருக்கிற சர்க்யூட்டில் பெரும்பகுதி விழித்தேதான் இருக்கும். பல பாக்ஸ்களில் ஓடும்போது இழுப்பதற்கும் அணைத்தபின் இழுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டுப் பாக்ஸ் 9 வாட் இழுத்தது. பார்க்க ஆளே இல்லாமல் ஒரு பில்லுக்கு 13 யூனிட்.

இன்றைய எல்.இ.டி. டி.வி. பெரும்பாலும் ஸ்டாண்ட்பையில், அதாவது ரிமோட்டில் மட்டும் அணைத்துக் கிடக்கும் நிலையில், அரை வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஸ்மார்ட் டி.வி.யில் சீக்கிரம் ஆன் ஆவதற்கென்று ஒரு அமைப்பு இருந்து, அது போட்டிருந்தால், இழுப்பு பல வாட் ஏறும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிட்டால் ஆன் ஆகச் சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

டி.வி. மேசையில் நான் அதிகம் சந்தேகப்படுவது ஹோம் தியேட்டர் ஊஃபரை. உள்ளூரில் அசெம்பிள் செய்த பெட்டி என்றால் அதில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ரிமோட்டில் அணைத்தாலும் அதற்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். காதை வைத்தால் ‘ம்ம்ம்’ என்று மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

இதற்கான தீர்வு சுவிட்ச் போர்டு இருக்கிற இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் டி.வி. சுவிட்ச் போர்டு, டி.வி.க்குப் பின்னாலேயோ மர ஷெல்ஃபுக்குள் முழங்கால் உயரத்திலோ இருக்கிறது. மூட்டு வலியுள்ள அம்மாவைத் தினமும் குனிந்து அதை அணைக்கச் சொல்வது நியாயமில்லை. பாக்ஸ், டி.வி., ஊஃபர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி, அந்தப் போர்டின் பிளக்கைக் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள சுவிட்சுக்குக் கொண்டுவாருங்கள். இரவு படுக்கப் போகும்போது ஒரு தட்டு. பாக்ஸ் மறுநாள் காலை ஆன் ஆக ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். காலைச் செய்திக்கு அது பெரிய தாமதம் இல்லை.

அறிகுறி: புதிதாக எதுவும் வாங்கவில்லை, யூனிட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

இதுதான் அதிகம் பேர் கேட்பது. நம் கட்டண முறையில் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கான விலையும் சேர்த்து மாறிவிடும். அதனால் 490 இல் நிற்கிற வீட்டுக்கும் 510 இல் நிற்கிற வீட்டுக்கும் பில்லில் பெரிய இடைவெளி விழுகிறது. ஸ்டாண்ட்பையில் போகிற யூனிட்டுகளை மிச்சம் பிடித்தால் அவை குறைவது விலை அதிகமான மேல்படியிலிருந்துதான். அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு 20 யூனிட் என்பது சின்ன விஷயம் இல்லை.

எதுவும் வாங்காமல் யூனிட் ஏறினால் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் மின்கம்பங்கள் வயல் வயலாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்புறம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்வெர்ட்டர் ஒருபோதும் ஓய்வெடுக்காது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் இருக்கும்போதெல்லாம் பேட்டரியை நிறைவிலேயே வைத்திருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருக்கும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 15, 20 வாட் என்ற அளவில் நிற்கும். பேட்டரி கிழடாகும்போது உள்ளுக்குள்ளேயே சார்ஜ் வடியும், வடிவதை ஈடுகட்ட இன்வெர்ட்டர் இன்னும் அதிகம் இழுக்கும். எதுவும் புதிதாக வாங்காமல் யூனிட் ஏறுவது இப்படித்தான்.

கண்டுபிடிப்பது எளிது. முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய பேட்டரி இப்போது மாதா மாதம் கேட்கிறதா? கரண்ட் போகாத நாளிலும் பேட்டரியின் பக்கச்சுவர் சுடுகிறதா? கரண்ட் போனால் முன்னைப்போல நான்கு மணி நேரம் தாங்காமல் ஒரு மணி நேரத்தில் கூவுகிறதா? மூன்றும் ஆம் என்றால் பேட்டரியைக் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும்போது குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். அதிலுள்ள உப்பு பேட்டரியை இன்னும் சீக்கிரம் கெடுக்கும், வடியும் அளவும் கூடும்.

அடுத்தது ஸ்டெபிலைசர். கோடை சாயங்காலம் கடைமடை ஊர்களில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் தள்ளாடும் என்பதால் ஃபிரிட்ஜுக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். அதற்குள் இருப்பதும் டிரான்ஸ்ஃபார்மர்தான். ஏ.சி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு ஸ்டெபிலைசரை அப்படியே விட்டால், ஐப்பசி மழையில் ஏ.சி. தேவைப்படாத மாதங்களிலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஏ.சி.யின் சுவர் சுவிட்சையே இறக்கிவிடுங்கள். எங்கள் பூட்டிய வீட்டில் ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைத்திருந்தோம், ஆனால் ஸ்டெபிலைசர் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மூன்று வருடமாக 10 வாட்.

மூன்றாவது, சாமி மாடத்துச் சிவப்பு பல்பு. ஜீரோ வாட் பல்பு என்று பெயர். உள்ளே இழை உள்ள பழைய வகை என்றால் அது 12 முதல் 15 வாட் இழுக்கும். இது ஸ்டாண்ட்பை கணக்கில் சேராது, எரிகிற விளக்குதான். ஆனால் பெயரை நம்பி யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் சொல்கிறேன். பகலிலும் எரிந்தால் ஒரு பில்லுக்கு 20 யூனிட்டைத் தொடும். அதேபோல, விடிந்த பிறகும் பிளக்கிலேயே கிடக்கிற கொசு விரட்டி மெஷினையும் பாருங்கள். அதற்குள் இருப்பது ஒரு குட்டி ஹீட்டர்.

எங்கள் 56 வாட் இப்படித்தான் பிரிந்தது: இன்வெர்ட்டர் 22, சாமி மாடத்து பல்பு 15, ஸ்டெபிலைசர் 10, கேபிள் பாக்ஸ் 9. வீட்டில் கிடந்த இரண்டு போன் சார்ஜர்களைப் பிடுங்கியபோது சிமிட்டலில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்து, ‘இது இவ்வளவு ஆம்பியர் இழுக்குது’ என்று சொன்னால் அதை 230 ஆல் பெருக்கி வாட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ஜர், அடாப்டர் போன்றவை கரண்டை அலையலையாக இல்லாமல் துண்டு துண்டாக இழுப்பதால் அந்தப் பெருக்கல் உண்மையான வாட்டைவிட அதிகமாகக் காட்டும். பில்லில் ஏறுவது உண்மையான வாட் மட்டும்தான். அதனால்தான் மீட்டரின் சிமிட்டலை நம்பச் சொல்கிறேன்.

அறிகுறி: அடாப்டர் உடம்பு சுடவில்லை, பிளக்கின் பின் (முள்) சுடுகிறது

இதை ஸ்டாண்ட்பையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, இது ஆபத்து. சூடு பிளக்கின் பின்னிலும் சாக்கெட் ஓட்டையிலும் இருந்தால் தொடர்பு தளர்ந்திருக்கிறது. சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து வந்த சார்ஜரின் பட்டையான மூன்று பின்னை நம் சாக்கெட்டில் செருக ஒரு கன்வெர்ட்டர் போடுகிறோமே, பாதி நேரம் குற்றவாளி அதுதான். ஆட்டிப் பார்த்தால் ‘சிர்ர்’ என்று பொறிச் சத்தம் கேட்டால் அதே நாளில் தூக்கிப் போடுங்கள். வேதாரண்யம், நாகை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டுப் பித்தளைப் பின்னில் பச்சை படியும். பிளக்கை வெளியே எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். சாக்கெட் கறுத்திருந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும், துடைத்துப் பயனில்லை.

அறுவடை சமயத்தில் வயலில் இருந்து வீட்டுக்குள் ஏறும் எலிகள் டி.வி. மேசைக்குப் பின்னால் வயரைக் கடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த மூலையை மாதம் ஒருமுறை விளக்கடித்துப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: சுவிட்சை அணைத்தும் எல்.இ.டி. மங்கலாக மினுக்குகிறது

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். சுவிட்சிலேயே சின்ன இன்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்டே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். இதில் பயமில்லை, இழுப்பும் பெயரளவுக்குத்தான்.

இன்டிகேட்டர் இல்லாத சுவிட்சிலும் மினுக்கினால், சுவிட்ச் ஃபேஸில் (கரண்ட் வரும் வயரில்) இல்லாமல் நியூட்ரலில் (திரும்பும் வயரில்) போடப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் சுவிட்சை இறக்கிய பிறகும் ஹோல்டரிலும் சாக்கெட்டிலும் ஃபேஸ் உயிரோடு இருக்கிறது. ‘அணைத்துவிட்டோம்’ என்று நம்பிக் கை வைத்தால் அடிக்கும். பழைய ஓட்டு வீடுகளில் ஆள் மாற்றி ஆள் வயரிங் செய்த இடங்களில் இது சாதாரணம். டெஸ்டர் வைத்துப் பார்த்து மாற்றிக்கொடுக்க எலக்ட்ரீஷியனுக்குக் கொஞ்ச நேர வேலைதான். நீங்களே திறக்க வேண்டாம்.

அறிகுறி: சார்ஜில் இருக்கும் லேப்டாப்பைத் தொட்டால் ஜிவ்வென்கிறது

உலோக உடம்புள்ள லேப்டாப், போன் ஆகியவற்றில், வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கும்போது விரல் நுனியில் மெல்லிய அதிர்வு தெரியும். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாகத் துளியளவு கரண்ட் வருகிறது. எர்த் சரியாக இருந்தால் அது அந்த வழியே போய்விடும். மூன்று பின் உள்ள அடாப்டரை எர்த் உள்ள சாக்கெட்டில் மாட்டினால் அதிர்வு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் குழி கோடையில் காய்ந்துபோய்க் கிடப்பதும் ஒரு காரணம். ஜிவ்வென்பதோடு நிற்காமல் கையை உதறும் அளவுக்கு அடித்தால் அந்தச் சார்ஜரை அதோடு விட்டுவிடுங்கள்.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாக அங்கும் இங்கும் ஓடுகிறது, தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறு என்றால் அதுவும் மட்டமான சார்ஜரின் வேலைதான்.

அறிகுறி: கொசு பேட், சார்ஜ் லைட் ராத்திரி முழுக்க மாட்டினால் கொதிக்கிறது

மலிவான கொசு பேட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை, எஸ்.எம்.பி.எஸ். சர்க்யூட்டும் இல்லை. ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் குறைத்து நேராகப் பேட்டரிக்குக் கொடுக்கிறார்கள். நிறைந்ததும் நிறுத்துகிற ஏற்பாடு கிடையாது. ராத்திரி மாட்டியது விடியும்வரை ஏறிக்கொண்டே இருந்து பேட்டரி உப்பிவிடும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது எடுத்துப்போகிற சார்ஜ் லைட்டிலும் இதே கதை உண்டு. இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான், பில்லுக்காக இதைச் சொல்லவில்லை. சார்ஜ் ஆகும்போது அதன் உள்பகுதி முழுக்க வீட்டுக் கரண்டோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. அப்போது வலையைத் தொடவோ, ஈரக் கையால் பிடிக்கவோ, பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்கவோ கூடாது. பகலில், ஆள் விழித்திருக்கும்போது, பெட்டியில் சொன்ன நேரம் மட்டும் மாட்டி எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மெயினை இறக்கியும் மீட்டர் சிமிட்டுகிறது

வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் சார்ஜர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் எங்கோ கிளை வயர் போகிறது, அல்லது கரண்ட் கசிகிறது, அல்லது மீட்டரிலேயே கோளாறு. மீட்டர் பெட்டியைத் திறக்கவோ சீலைத் தொடவோ வேண்டாம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 இல் புகார் பதியுங்கள். சிமிட்டுவதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

எவற்றை அணைக்கக் கூடாது

இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ், ஆக்ஸிஜன் மெஷின், மூச்சுக்கான கருவி எதையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டாம். வைஃபை பெட்டி 5 முதல் 12 வாட் வரை நாள் முழுக்க இழுக்கும். இரவில் அணைக்கலாம், ஆனால் தனியாக இருக்கும் பெரியவர் வெளிநாட்டுப் பிள்ளையோடு பேச அதுதான் ஒரே வழி என்றால் விட்டுவிடுங்கள். இடி மின்னல் நாட்களில் மட்டும் கணக்கே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுக்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பாக்ஸ், வைஃபை, டி.வி. பிளக்குகளைக் கழற்றி வையுங்கள், கேபிள் ஒயரையும் சேர்த்து. மின்னல் பாய்ச்சல் சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன இடைவெளியைத் தாண்டிவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் இன்வெர்ட்டரை வெறுமனே அணைத்துவிட்டுப் போக வேண்டாம். சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் லெட்-ஆசிட் பேட்டரி கெட்டுப்போகும். நிறைய சார்ஜ் ஏற்றி, தண்ணீர் அளவு சரிபார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்துப் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து மறுபடி ஏற்றினால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஸ்டெபிலைசரும் பாக்ஸும் பிளக்கைவிட்டு வெளியே வந்தன.

பல்பை எடுப்பதற்கு மட்டும் அம்மா சம்மதிக்கவில்லை. ‘ஆள் இல்லாட்டாலும் சாமி மாடம் இருட்டா இருக்கக் கூடாதுப்பா’ என்றார். சரி என்று அரை வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று அதே சிவப்பு நிறத்தில் வாங்கிப் போட்டு, மெயின் பெட்டியில் அந்த அறைக்கான எம்.சி.பி. சுவிட்சை மட்டும் மேலே விட்டு மற்றதையெல்லாம் இறக்கினோம். மச்சான் மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். விளக்கு சிமிட்டவில்லை. உள்ளே மாடத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.